இதயம் போட்ட எண்ணெய் பாட்டில்

மரக்காணத்தைத் தாண்டியதும் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள். வெயிலில் கண் கூசுகிறது. ஒரே ஒருவர் மட்டும் நீளப் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருக்கிறார். சரக், சரக் என்று சத்தம் வந்துகொண்டே இருக்கிறது.

என் கையில் இருக்கும் இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்துவிட்டு, அவர் மனைவி கூடையிலிருந்து இங்கிலீஷ் லேபிள் ஒட்டிய ஒரு பச்சை பாட்டிலை எடுத்து வருகிறாள்.

"சுனாமிக்கு அப்புறம் நிவாரணத்துல குடுத்தாங்கக்கா. உப்புத்தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கால்ல தடவியே தீத்துட்டாங்க. நான்தான் இதப் பாத்தேன்."

அவள் விரல் லேபிளில் உள்ள சிவப்பு இதயத்தின்மேல் நிற்கிறது. எண்ணெய் விற்க எவனோ போட்ட படம்.

"அவருக்கு நெஞ்சு வலிங்க. தெனமும் ரெண்டு ஸ்பூன் குடுக்கறேன். பத்து நாளா மாத்திரைய நிறுத்திட்டேன்."

பாட்டிலை வாங்கி லேபிளைப் படிக்கிறேன்.

"இது திராட்சை விதை எண்ணெய்மா. வைட்டமின் ஈ இருக்குது. மத்த எண்ணெய்க்குப் பதிலா இதுல சமைச்சா கொழுப்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க. அவ்வளவுதான், மருந்து இல்ல. மாத்திரை எங்க?"

"ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு மருந்துன்னு, அனுமந்தையில எங்க அண்ணனுக்குக் குடுத்துட்டேன். அவருக்கும் நெஞ்சு வலிக்குதுன்னாரு."

"இப்பவே உன் வீட்டுக்காரர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

பாட்டிலை என் கையிலேயே விட்டுவிட்டு வரப்பில் ஓடுகிறாள். டயர் மாற்றி முடித்த டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அவள் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஹாரன் ஓய்ந்ததும் காதுகொடுத்துக் கேட்கிறேன்.

உப்பு வாரும் சத்தம் நின்றிருக்கிறது.