விட்டுப்போன கொம்பு

அரசு அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவருக்குக் ‘கொம்பு சார்’ என்று பெயர். கொம்பு விட்டுப்போன எழுத்து எதுவும் அவர் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பியதில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அச்சகத்திலும் அவர் பேசியதெல்லாம் சிவப்புப் பேனாவால், தாளின் ஓரத்தில்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடங்களுக்குப் போகவேண்டிய அரசியலமைப்புக் கையேடு இரண்டாயிரம் பிரதி கட்டுக்கட்டாகத் தயாராக இருந்தது. சும்மா ஒன்றைப் பிரித்தார். பன்னிரண்டாம் பக்கம்: ‘ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சு உரிமம் உண்டு.’ உரிமை என்று இருக்கவேண்டிய இடம். அச்சுக்கு அனுப்பிய தாளைத் தேடி எடுத்தார். அதிலும் உரிமம். கீழே அவர் கையெழுத்து.

வேறு யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை எல்லாம் வண்டியேறிவிடும். இத்தனை வருஷப் பேரும் தப்பிக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலாளர் அறைக்குப் போனார்.

“ஒரு எழுத்துதானே, விடுங்க சார். ரெண்டும் ஒண்ணுதான்.”

“உரிமம்னா வண்டி ஓட்டக் கொடுக்கறது சார். கொடுத்தவங்க பிடுங்கிக்கலாம். இது யாரும் கொடுத்தது இல்ல.”

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி மேலாளர் கேட்டதில்லை. மறுபடி அச்சடிக்கக் காகிதம் கிடையாது, சரியான சொல்லைத் துண்டுச்சீட்டாக அடித்துத் தருகிறேன், ஒட்டுவது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்.

“கொம்பு சாருக்கே கொம்பு விட்டுப்போச்சாம்” என்றாள் பைண்டிங் அக்கா. பிரிவே சிரித்தது. லீவு நாளில் நம்மையும் கூப்பிட்டுவிடுவாரோ என்கிற பயமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. யாரும் வரவேண்டாம் என்றார் அவர். யாரும் வரவில்லை.

சனியும் ஞாயிறும் கிடங்கில் ஒற்றை ஆள். பசைக் கிண்ணம், நகத்தளவுச் சீட்டுகள். பக்கத்தை விரிப்பார், ஒட்டுவார், கட்டைவிரலால் அழுத்துவார், வரியை வாய்விட்டு ஒருமுறை படிப்பார். கண்ணை மட்டும் நம்ப இப்போது அவருக்குத் தைரியமில்லை.

ஞாயிறு சாயங்காலம் காவலாளி சாவியோடு எட்டிப் பார்த்தார்.

“யார்கூட சார் பேசிட்டிருக்கீங்க?”

அவர் திரும்பிப் பார்த்தார். கட்டுகள்தான் இருந்தன.

“யாருமில்லப்பா. இன்னும் நாப்பது பாக்கி. பூட்டிடாத.”