ஆஃப் நாள் மாத்திரை

மருந்துக்கடை வேலை வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிக்கடை வேலை மாதிரிதான் தெரியும். பயம் மட்டும் கூடுதல். கொடுத்தனுப்பிய மாத்திரையை நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக் கவுண்டர்வாசிகளே, உங்களிடம்தான் சொல்லி ஆற வேண்டியிருக்கிறது. நெய்வேலி நகரியத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு மூட்டுவலி. அந்த ஒரு பெயருக்குள் மூன்று நான்கு வியாதிகள் ஒளிந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. என் பயமே அதுதான்.

புதன்கிழமை

தனபால் அண்ணன் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர், பெர்மனென்ட். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, சட்டைப் பட்டனை மனைவிதான் போட்டுவிட வேண்டும். டாக்டர் முடக்குவாதம் என்று சொல்லி மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தின்கிற வியாதி அது. அந்தச் சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை இது. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் விழுங்கினால் ரத்தம் ஊறுவதே நின்று ஆள் போய்விடலாம்.

மாத்திரை அட்டையை எண்ணிக் கவரில் போட்டேன். கவரில் "வாரம் ஒருமுறை, புதன்" என்று பெரிதாக எழுதி, வாயாலும் சொன்னேன். புதன் எதற்கு, வார லீவான ஆஃப் நாள் போதுமே என்று அவர் சிரித்தார். ஷிப்டு மாறினால் ஆஃபும் மாறுமே அண்ணே, புதன்தான் என்று திரும்பச் சொன்னேன். மண்டையை ஆட்டியபடியே வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

"மைன்ஸ்காரனுக்கு ஏது மேடம் புதனும் வியாழனும்? ஷிப்டு, ஆஃப், ரெண்டுதான். ஆஃப் அன்னிக்குப் போட்டுக்கிறேன், மறக்கவே மாட்டேன்."

கட்டைவிரல்

கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போகிறதாம். யூரிக் ஆசிட் மிஞ்சி மூட்டில் படிகிற வலி அப்படித்தான் இருக்கும். அதற்கு ரத்தம் பார்த்து, அதைக் குறைக்கிற மருந்தை டாக்டர்தான் எழுத வேண்டும். இவரோ வலி மாத்திரையைக் கடலை மாதிரி மென்றுகொண்டிருந்தார். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறாராம். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. வயிறு புண்ணாகும், கிட்னி கெட்டுப்போகும், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சி, கேட்ட மாத்திரையைத் தர மறுத்தேன். அவருக்கு வந்ததே கோபம்.

"கிட்னி போறதுக்கு இன்னும் நாளிருக்குங்க, வேலை நாளைக்கே பூடும்!"

காலி அட்டை

லூர்துமேரி அக்கா தனபால் அண்ணனுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். அவருக்கு முழங்காலில் தேய்மானம். உடம்பைக் குறைப்பது, பயிற்சி, தடவுகிற மருந்து, வலி தாங்காதபோது டாக்டர் சொன்ன மாத்திரை, அவ்வளவுதான் அவருக்கு. அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நாள் காலி அட்டை ஒன்றைக் கவுண்டரில் வைத்து, இதையே கொடு என்றார். இது உங்கள் மாத்திரை இல்லையே அக்கா என்றேன். "ரெண்டு வூட்டுக்கும் ஒரே பால்காரருதான் ஊத்துறாரு, மாத்திரை மட்டும் வேறயா?" என்று மடக்கினார்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மெத்தோட்ரெக்சேட். மாதக் கணக்கில் வர வேண்டிய அட்டை, நான் கொடுத்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. யாருக்குக்கா இவ்வளவும் என்று கேட்டேன்.

"யாருக்கா? தனபாலு தம்பிதான். மெடிக்கல் லீவுல வூட்டுலதான இருக்காரு, தெனம் காலைல ஒண்ணு போட்டுக்கினு இருக்காரு."

எல்லா நாளும்

போன் செய்தேன், எடுக்கவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டியை விரட்டினேன். பிளாக்குக்குப் பிளாக் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன்.

தனபால் அண்ணன் கட்டிலில் சுருண்டு கிடந்தார். உடம்பு கொதித்தது. வாயெல்லாம் புண், கையில் அடிபடாமலே நீலத் திட்டு. உடம்புச் சூடு என்று மனைவி மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். காலி அட்டையை அவர் கையில் திணித்து, டாக்டரிடம் முதலில் இதைக் காட்டுங்கள் என்றேன். ஆட்டோவில் ஏற்றும்போது அந்தப் பெரிய உடம்பு துணி மாதிரி துவண்டது. ஆஸ்பத்திரியில் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டன என்றார்கள். முறிவு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். அடுத்த ரிசல்ட் வரும்வரை வராந்தாவில் அவர் மனைவி என் கையை விடவே இல்லை. செத்துவிடுவார் என்றே நான் நினைத்தேன். அணுக்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் அவரிடம், ஏன் அண்ணே தினமும் போட்டீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்தது. புண் ஆறாத வாயால் மெல்லச் சொன்னார்.

"லீவுல இருந்தா எல்லா நாளும் ஆஃப்தான மேடம்?"

புது மாத்திரை

பிழைத்து எழுந்தார். டாக்டர் மருந்தை மாற்றினார். இது தினமும் போட வேண்டியது, கண்ணை மட்டும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். நான் கவரில் எழுதி, மனைவியையும் கூப்பிட்டுச் சொல்லி, இருவரையும் திருப்பிச் சொல்லவைத்து அனுப்பினேன். நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

அடுத்த மாதம் வந்தவருக்கு விரல்கள் பழையபடி வீங்கியிருந்தன. பட்டன் போடாத சட்டை. மாத்திரை வாங்க வரவில்லையாம், இன்னும் நிறைய மிச்சமிருக்கிறதாம். எப்படி மிஞ்சும் என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து சொன்னார்.

"தெனமும்னா பயமாருக்கு மேடம், புதங்கெழமை மட்டும் போட்டுக்கினு இருக்கேன்."

பயமில்லாத நோயாளியைப் பார்த்தால் எனக்குப் பயம், பயந்துவிட்ட நோயாளியைப் பார்த்தால் அதைவிடப் பயம், இதற்கு மட்டும் எங்கள் அலமாரியில் மாத்திரை இல்லை.