இன்னும் மாறாத கொடுவா

என் மூத்த பேரன் கப்பல் பட்டறையில் எஞ்சினியர். அடுத்தவள் உட்லண்ட்ஸில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் அவளைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும். கடைக்குட்டி இந்த வருடம் தாதிமைப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினாள். அன்று காலை ஃபேரர் பார்க் பக்கத்துப் பூக்கடையில் மல்லிகை கட்டச் சொல்லிவிட்டு, இதையெல்லாம் பூக்காரம்மாவிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்குட்டி பட்டம் வாங்கிய கதையைச் சொல்லும்போது போன் அடித்தது. வசுமதியின் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வம்.

“ஆன்ட்டி, எங்க இருக்கீங்க? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

அப்படிக் கேட்டதிலேயே தெரிந்துவிட்டது. “சொல்லுங்க தம்பி” என்றேன்.

“டாக்டர் விடிகாலையில போயிட்டாங்க.”

“சின்னவளுக்கு எந்த ஆஸ்பத்திரில வேலை?” என்று கேட்டபடியே பூக்காரம்மா நூலை அறுத்தாள். பதில் சொன்னேனா என்பது நினைவில்லை.

உங்களில் பெரும்பாலோர் அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள். உங்களுக்கு அவர் டாக்டர் வசுமதி. எனக்குக் கிளமெண்டியில் அடுத்த வீட்டுப் பெண், என் மகளைவிட இளையவள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீனைப் பற்றிப் பிழையாக எழுதினால் செல்வத்தைத் திட்டுங்கள். அவளைப் பற்றி உங்களுக்கு எழுதச் சொன்னது அவர்தான்.

அவள் குடிவந்த புதிதில் மின்தூக்கியில் பார்த்தேன். ஆளே கிராம்பாய் மணத்தாள். “வீட்ல பிரியாணியா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, மீனுக்கு மயக்கம் குடுத்துட்டு வரேன்.”

கிண்டல் செய்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாலையில் ஒரு சின்னப் புட்டியோடு வந்து கதவைத் தட்டினாள். பல்வலிக்கு நாம் வைக்கிற அதே கிராம்பு எண்ணெய். தண்ணீரில் கொஞ்சம் விட்டால் மீன் தூங்கிவிடுமாம், துன்பப்படுத்தாமல் சோதிக்கலாமாம். “சுறாவுக்கும் இதானா?” என்றேன். “சுறாவுக்குக் கெட்டி எலும்பே கிடையாதும்மா, எல்லாம் குருத்தெலும்பு. நான் எலும்பு மீன்காரி. சுறாவைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க” என்றாள். அன்று சிரிக்கத் தொடங்கினோம்.

ஈரச்சந்தையில் நாம் சியாக்காப் என்று வாங்குகிறோமே, அந்தக் கொடுவாதான் அவளுடைய மீன். பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, வயது ஏறியபின் பெண்ணாக மாறுகிற மீன். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை எடுத்து வருடக்கணக்காக வளர்த்து வந்தாள். எது முதலில் மாறும், அதன் உடம்புக்குள் எது அதை மாறச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு.

“ஆம்பளையா இருந்து பார்த்துட்டுச் சலிச்சுப்போய் மாறுதோ என்னவோ” என்றேன் ஒருநாள்.

“இதை அப்படியே எழுதினா என் கட்டுரையை எவனும் போட மாட்டான்மா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வயிற்றில்தான் போன வருடம் கட்டி என்றார்கள். மருத்துவர் தந்த கெடுவையும் மீன் மாற வேண்டிய காலத்தையும் அவளே அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறாள். “கொஞ்சம் இடிக்குதும்மா” என்றாள்.

“சீக்கிரம் மாத்த மருந்து இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்கு. குடுத்தா மாறிடும். ஆனா அது நான் மாத்தினது. அதுவா மாறுறதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் இருந்தேன்.” பிறகு, “மீன் நம்ம காலண்டரைப் பார்த்து மாறாதும்மா” என்றாள்.

எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். வசுவின் உடம்புக்கு ஒன்று. மீனுக்கு ஒன்று. குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். மீனுக்கு எங்கே போவேன்? “பொண்ணா வரணும்னு வேண்டுதல் சாமி” என்றேன். “பேத்தியா?” என்றார். “கிட்டத்தட்ட அப்படித்தான்” என்றேன். சுகப்பிரசவத்துக்குச் சேர்த்து மந்திரம் சொல்லிப் பூவும் பழமும் தந்தார். இதைக் கேட்டு வசு சிரித்து, சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஒரு சோதனை நாளில் என்னையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். அப்போதே எலும்பும் தோலுமாக இருந்தாள். செல்வம் ஒரு கொடுவாவைக் கிராம்புத் தண்ணீரில் விட்டார். அது மெல்லச் சாய்ந்தது. மெல்லிய குழாயால் அதன் அடிவயிற்றிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். முட்டை இல்லை. இன்னும் ஆண். பிறகு மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றி, வாய்க்கு நேரே தண்ணீர் ஓடும்படி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

“நீங்க உக்காருங்க லா, டாக்டர். நான் புடிச்சுக்கறேன்” என்றார் செல்வம்.

“மயக்கம் குடுத்தவங்கதான் எழுப்பணும், செல்வம். அது தானா நீந்திப் போற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது.”

தொட்டி விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டாள். ஆனால் கை ஆடவில்லை. மீன் வாலை அசைத்துக் கையைவிட்டுப் போனபிறகுதான் உட்கார்ந்தாள்.

கடைசி நாள் பிற்பகலில், ஆஸ்பத்திரியில், வலி தாளாமல் மருந்து ஏற்றினார்கள். தூங்கிவிட்டாள். ஏற்றியவர்களுக்கு அடுத்த படுக்கையில் வேலை இருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “எப்போ எழுந்திருப்பா?” என்று பேத்திக்குப் போன் செய்து கேட்டேன். தாதிமைப் பட்டம் வாங்கிய பெண், “நீங்க சாப்பிட்டீங்களா பாட்டி?” என்றாள். பார்வை நேரம் முடிந்ததென்று தாதி வந்து தணிந்த குரலில் சொன்னார். இன்னும் கொஞ்சம் என்று கேட்டேன். கொஞ்சம் கொடுத்தார். அதுவும் முடிந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு எழுந்தேன்.

அவளுடைய உடம்பை அண்ணன் வந்து ஊருக்குக் கொண்டுபோனார். வீட்டுச் சாவியை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் ஒப்படைத்தாயிற்று. எனக்கென்று இருப்பது அவள் கொடுத்த ஒரு கொடுவாவின் படம். குளிர்பதனப் பெட்டியின் கதவில், பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு நடுவே ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கேட்கிறார்கள். வசுவுடையது என்கிறேன்.

போன வாரமும் செல்வத்திடம் கேட்டேன். “இன்னும் இல்ல ஆன்ட்டி. எல்லாம் ஆண்தான்” என்றார். தொட்டியை நிறுத்தாமல் வைத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என் படத்தில் இருக்கிற அதே மீனைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தாளில் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். போனில் வந்தால் எனக்குத் திறக்கத் தெரியாது. பெண்ணாகிவிட்டால் படத்தின் பின்பக்கத்தில் அப்படியென்று எழுதுங்கள்.

ஆகாவிட்டாலும் அனுப்புங்கள்.