பத்துக்கு இரண்டு வாங்கியவள்

விரிப்பின் இரண்டு மூலைகளையும் இழுத்து ஓர் உதறு உதறிவிட்டு, எதிரே நிற்கும் ஜோடிக்காரியை நோக்கி நடக்கும்போதுதான் அவர் வழக்கை எடுப்பார். “நேத்து வக்கீல்குட்டி பண்ணது சரியா தப்பா, நீ சொல்லு.” மூலையோடு மூலை சேரும். ஜோடிக்காரி வாயைத் திறப்பதற்குள் இவர் பின்னால் நகர்ந்து அடுத்த மடிப்புக்குப் போய், தீர்ப்பையும் சொல்லி முடித்திருப்பார். ஒரு விரிப்புக்கு நான்கு மடிப்பு. அந்த நான்கு மடிப்புக்குள் எந்த டிவி தொடரின் கதாநாயகியையும் அவரால் தூக்கி நிறுத்த முடியும், குப்புறத் தள்ளவும் முடியும்.

ஆஸ்பத்திரிகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. பதினெட்டு வருடமாக மடிப்புப் பிரிவில் இருக்கிறார். சூப்பர்வைசர் முதல் வேன் டிரைவர் வரை எல்லாருக்கும் அவர் ஜட்ஜம்மா. குள்ளமான உருவம். இரண்டு முன்னங்கைகளிலும் நீராவி சுட்ட தழும்புகள், சின்னச் சின்னக் கோடுகளாக. சாப்பாட்டு இடைவேளையில்கூட உட்காரமாட்டார். டப்பாவை மேஜையில் வைத்துக்கொண்டு நின்றபடியே ஏழு நிமிடத்தில் முடித்துவிடுவார். மீதி நேரம் வாதங்களுக்கு. உலர்த்தும் மெஷின்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசிப் பழகிய தொண்டை, வீட்டிலும் இறங்குவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் தன் வீட்டு டிவியை அணைத்துவிட்டு இவர் சொல்வதைக் கேட்டே கதையைத் தெரிந்துகொள்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு.

கறையைப் பார்த்துக் கதை படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சலவைக்குப் போகும் குவியலைக் கடக்கும்போது ஒரு பார்வை போதும். டீக்கறை வேறு, டானிக் கறை வேறு. குழந்தைகள் வார்டிலிருந்து வரும் விரிப்பில் தலைமாட்டுப் பக்கம் ஊதாவாக ஏதாவது படிந்திருந்தால் நின்றுவிடுவார். “மருந்தைக் குடிச்சிட்டேன்னு சொல்லியிருக்கு. தலைகாணிக்கு அடியில ஊத்தியிருக்கு. கெட்டிக்காரி.” பையனாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டால் பதில் வராது, சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்களை அவர் விவாதிப்பதில்லை.

தொலைக்காட்சிப் பெண்களை எடை போடவும் அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. “அழுறத வச்சு ஒருத்தியை முடிவு பண்ணாத. எல்லாரும்தான் அழுவாளுங்க. எப்படிப் பொய் சொல்றான்னு பாரு. ஆள் யாருன்னு அங்க தெரிஞ்சிடும்.”

அந்தக் கணக்கில் ஏழு மணித் தொடரின் பதினேழு வயதுக்காரிக்குப் பத்துக்கு ஒன்பது மார்க். கூட்டாளி சதி செய்து அப்பாவைச் சிறைக்கு அனுப்பிவிட, பள்ளிக்கூடச் சீருடையோடு கோர்ட் வாசலில் போய் நிற்பவள். அவளுக்குத்தான் வக்கீல்குட்டி என்று பெயர். எதிரியின் முகத்தைப் பார்த்து இமைக்காமல் பொய் சொல்வாள். அதற்கு அடுத்த இரண்டு பொய்களையும் தயாராகக் கையில் வைத்திருப்பாள். ஏழரை மணிக்கு வருபவள் மெழுகுவத்தி. சித்தி வீட்டில் எவ்வளவு பட்டாலும் வாய் திறக்காதவள். சலவைக்கூடத்தில் பாதிப்பேர் அவள் கட்சி. ஜட்ஜம்மா அசையவில்லை. “பொய் சொல்லாம இருக்கிறதும் வாயே திறக்காம இருக்கிறதும் ஒண்ணா?” என்று கேட்டு ஐந்து போட்டார். அதிலும் ஒன்று அவள் தலைமுடிக்காக.

எட்டு மணிக்காரிக்குத்தான் அநியாயமாகக் குறைத்துவிட்டார் என்று பேச்சு. பதினாறு வயதுப் பாட்டுக்காரி. போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேற்றப்பட்டவள், வீட்டில் போய் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டதாகச் சொல்கிறாள். பிறகு மூன்றாம் சுற்று. அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். “யாரை ஏமாத்துறா? அவளுக்கே அதுல ஒண்ணும் கிடைக்கலயே. இப்படி அசட்டுப் பொய் சொல்றவளுக்கு ரெண்டே அதிகம்” என்று ஜட்ஜம்மா சொன்னதைக் கேட்டு, இஸ்திரி உருளையில் நிற்கும் பெண்மணி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்லாத் தீர்ப்பும் முதலில் வீட்டில்தான் வெளியாகும். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தனக்கும் தொடர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு நாள் வேலையில் மாட்டிக்கொண்டால் மட்டும், கை கழுவிக்கொண்டே, “அந்தப் பொண்ணோட அப்பா வெளிய வந்துட்டாரா?” என்று சும்மா கேட்டு வைப்பார். மகளுக்குப் பதினாறு. நெட்டை. சோபாவின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். பள்ளிக்கூட வாலிபால் டீமில் இருந்தாள். செவ்வாயும் வியாழனும் பயிற்சி முடிந்து ஆறரைக்கு ஈரத்தலையோடும் சேறு அப்பிய ஷூவோடும் வருவாள். ஜட்ஜம்மா அதைச் சலவைக்கூடத்தில் சொல்லாத வாரம் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை துவைக்கப் போட்ட துணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் புத்தி, பார்க்காமல் மெஷினுக்குள் ஒரு கைக்குட்டைகூடப் போடமாட்டார். மகளின் சாக்ஸ் கையில் வந்தது. ஷூவில் லேஸ் வரைக்கும் சேறு. சாக்ஸ் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒன்றரை மணி நேரம் குதித்து விழுந்து எழுந்த காலின் சாக்ஸில் வியர்வையின் மஞ்சள் ஏறியிருக்கும், விரல் முனையில் மண் இறங்கியிருக்கும். முகர்ந்து பார்த்தார். போன வாரத்துச் சோப்பு வாசனை அப்படியே இருந்தது. இதற்கு முந்தைய வாரத்துச் சாக்ஸ்களையும் மனதுக்குள் எடுத்துப் பார்த்தார். அவையும் இப்படித்தான் இருந்தன.

அடுத்த செவ்வாய் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போக அனுமதி கேட்டார். சூப்பர்வைசர் பயந்துபோய் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். ஜட்ஜம்மா பள்ளிக்கூட மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்று எண்ணிப் பார்த்தார். வலைக்கு இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். மகள் இல்லை. மைதானத்தை ஒட்டியிருந்த நூலகத்தின் கண்ணாடி ஜன்னலில் அவள் தெரிந்தாள். முன்னால் ஒரு புத்தகம், திறக்காமல். ஆறு மணியானதும் எழுந்து வெளியே வந்து, கட்டடத்தின் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துத் தலையை நனைத்தாள். பிறகு குனிந்து, ஈரமண்ணை எடுத்து ஷூவில் பூசினாள். முதலில் முனை, அப்புறம் இரண்டு பக்கமும், கடைசியாகக் குதிகால். பாலிஷ் போடுகிறவளின் கவனத்தோடு நிதானமாகப் பூசினாள்.

போய்த் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று ஜட்ஜம்மாவுக்குக் கால் பரபரத்தது. அந்த நிதானம்தான் அவரை நிறுத்தியது. பழகிய கை அது. இன்றைக்கு ஆரம்பித்தது இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து, மகளுக்குப் பின்னால் வீடு வந்து சேர்ந்தார். இன்றைக்குப் பயிற்சி கடுமை என்று அவள் சொன்னதற்கு, குளித்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

எட்டு மணிக்குப் பாட்டுக்காரியின் குட்டு உடைந்தது. அரங்கத்துக்கே போய் விசாரித்துவிட்ட அப்பா, வாசலில் நின்று பெண்ணைப் பார்க்கிறார். விளம்பரம் வந்துவிட்டது. கணவர் செய்தித்தாளை இறக்கித் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். ஜட்ஜம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மகளிடம் கேட்டார்.

“இவ ஏன் அப்பாகிட்ட சொல்லல?”

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சொல்ற மாதிரியா இருந்துச்சு?”

“அவரு நல்ல மனுஷன்தானே. திட்டமாட்டாரு.”

“திட்டமாட்டாரு. எல்லார்கிட்டயும் எம்பொண்ணு பாடுறா, எம்பொண்ணு பாடுறான்னு சொல்லி வச்சிட்டாரே.” பேனா நின்றது. “நீ இவளுக்கு ரெண்டு மார்க் போட்ட அன்னிக்குத்தான்மா என்னை டீம்ல இருந்து எடுத்தாங்க. சொல்லலாம்னுதான் வந்தேன்.”

கணவர் எழுந்து டிவியை அணைத்தார். அன்றைக்குத் தலை துவட்டாமல் வந்து உட்கார்ந்து, பாட்டுக்காரிக்குப் போட்ட இரண்டு மார்க்கைத் தனக்கே போட்டதுபோல் கேட்டுவிட்டு, எழுந்து உள்ளே போன மகளை ஜட்ஜம்மா நினைத்துப் பார்த்தார். அது நடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தெரியாததுபோல் நடிக்க அவருக்கு வராது.

“தெரியும். குழாய்கிட்ட உன்னைப் பாத்தேன்.”

“ஷூவைப் பாத்துக் கண்டுபுடிச்சியா?”

“ஷூவெல்லாம் பிரமாதம். சாக்ஸை மறந்துட்ட.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்கு எவ்வளவு போடுவாய் என்று கேட்டாள்.

“சொந்தக்காரங்க கேஸை ஜட்ஜு எடுக்கக்கூடாதுடி” என்றார் ஜட்ஜம்மா. நகர்ந்து போய்த் தரையில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏன் எடுத்தார்கள், யாரைப் போட்டார்கள், எங்கே தவறுகிறது என்று மகள் அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினாள். பந்தைப் போடுவதில் குறையில்லை, வருகிற பந்தை வாங்குவதில்தான் தடுமாறுகிறாளாம். கணவர் கேள்வி கேட்டார். ஜட்ஜம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பாட்டுக்காரியின் மார்க் ஏழானது. சலவைக்கூடம் திகைத்தது. இஸ்திரி உருளைக்காரப் பெண்மணி மெஷினையே நிறுத்திவிட்டு வந்து காரணம் கேட்டார். “மறு விசாரணை” என்றார் ஜட்ஜம்மா, கொஞ்சமும் அசராமல். “தோத்துட்டேன்னு சொல்றதுக்கு அந்த வீட்டுல இடம் எங்க இருந்துச்சு? குறைக்கிற மார்க்கை வீட்டுக்குக் குறைக்கணும், பொண்ணுக்கு இல்ல.” குரலில் ஒரு சுருதியும் இறங்கவில்லை. மெழுகுவத்தி கட்சிக்காரர்கள் தங்களுக்கும் மறு விசாரணை வேண்டும் என்று கிளம்ப, அதை அங்கேயே தள்ளுபடி செய்தார்.

மூட்டை ஏற்ற வந்த வேன் டிரைவர், பெண்ணுக்கு அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்டார். மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“டீம்ல இப்ப இல்ல. எடுத்துட்டாங்க” என்று, மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அடுத்த விரிப்பைக் கையில் எடுத்தார்.

வியாழக்கிழமை டீம் சீருடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மகள் கூப்பிட்டதால் ஜட்ஜம்மாவும் போனார். பயிற்சியாளரின் அறை சின்னது. மூலையில் பந்துகள் ஒரு வலைப்பைக்குள் அடைந்து கிடந்தன. வெளியில் உட்காரும் ஆட்டக்காரியாகவாவது பயிற்சிக்கு வரலாமா என்று கேட்க வேண்டும் என்பது மகள் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த விஷயம். கழுத்தில் விசில் தொங்க எழுந்த பயிற்சியாளர், மகளை விட்டுவிட்டு ஜட்ஜம்மாவைத்தான் பார்த்தார். “டீம்ல இருந்து எடுத்து ஆறு வாரமாச்சு, யூனிஃபார்மைத் திருப்பிக் குடுக்கக்கூட பொண்ணு வரல. என்ன ஆச்சு, சொல்லுங்க.”

ஜட்ஜம்மாவின் நாக்கு நுனியில் வாதம் முழுதும் தயாராக இருந்தது. அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அரை அடி பின்னால் நகர்ந்து, நீயே சொல் என்பதுபோல் மகளை நோக்கித் தாடையை அசைத்தார்.