மூன்றாம் பாடத்தைச் சத்தமாகப் படித்தது

எங்கள் வீட்டில் படிப்பு என்றால் சத்தம். தாராவியில் கீழே அப்பாவின் தையல் கடை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே பலகைத் தளம் போட்ட ஒரே அறை. அங்கேதான் நாங்கள் ஆறு பேரும் குடியிருந்தோம். அப்பா கீழே ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருப்பார், காது மட்டும் மேலே இருக்கும். என் குரல் நின்றால் போதும், துணி அளக்கும் மர ஸ்கேலை எடுத்துத் தன் தலைக்கு மேலிருக்கும் அந்தப் பலகையில் டொக் டொக் என்று தட்டுவார். வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்ப்பவள் படிக்கவில்லை, கனவு காண்கிறாள் என்பது அவர் தீர்மானம்.

அவருக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஒரு நாள் எரிச்சலில், குக்கரோடு வந்த விளக்கக் காகிதத்தை எடுத்து ராகம் போட்டுப் படித்தேன். மூத்தவள் சயின்ஸ் படிக்கிறாள் என்று கீழே யாரிடமோ பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அந்த வருஷம் எனக்குப் பத்தாவது. கடையில் இரண்டு மிஷின்கள். இரண்டாவது மிஷினில் கூலிக்குத் தைத்த ஊர்க்கார அண்ணன் ஊருக்குப் போய்விட்டதால் அது துணி போர்த்திக் கிடந்தது. அப்பாவின் அக்கா தினமும் சாயங்காலம் டீ குடிக்க வருவாள். என் அத்தை. வந்து உட்கார்ந்ததும் அவள் கண் அந்த மிஷின் மேல்தான் போகும். "சும்மாத்தான கெடக்கு. மூத்தவளப் பத்தோட நிறுத்தி இதுல உக்கார வைய்யி. நாலும் பொட்டப்புள்ளயாப் பெத்துப் போட்டிருக்கா, நீ ஒருத்தன் எத்தனையத்தான் தூக்குவ?" என்பாள். அம்மா தரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். இதைக் கேட்டு அவள் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. கடைசித் தங்கை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்த அத்தை, என்ன குழந்தை என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனவள்.

அப்பா சரி என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். மார்க் வரட்டும், பார்ப்போம் என்பார். எனக்குப் பதினொன்றாவதில் சயின்ஸ் வேண்டும். அந்த மிஷினில் உட்காரமாட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் போர்டு பரீட்சைக்கு முன்னால் ஸ்கூலில் வைக்கும் ப்ரிலிமில் சயின்ஸ் இரண்டாம் பேப்பரில்தான் கவிழ்ந்தேன்.

கவிழ்ந்ததற்குக் காரணம் நான் மட்டும் இல்லை. மூன்றாம் பாடம், இனப்பெருக்கம். ஸ்கூலில் அதை நடத்தவே இல்லை. ட்யூஷன் க்ளாஸ் சார் அந்தப் பக்கங்களை மொத்தமாகப் புரட்டிவிட்டு, இதை வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். பின் பெஞ்சில் பையன்கள் கிளுகிளுத்தார்கள், பெண்கள் குனிந்துகொண்டார்கள். மார்க் உள்ள பாடம்தானே சார், நடத்துங்கள் என்று எழுந்து கேட்டேன். ரொம்ப ஓவர் ஸ்மார்ட் ஆகாதே என்றார். அமீபாவுக்கும் மண்புழுவுக்கும் படம் போட்டு நடத்திய மனுஷன், மனுஷப் பிறவிக்கு வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நடத்தாவிட்டால் போங்கள் என்று வீட்டில் நானே எடுத்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி, சத்தமாக. யூட்ரஸ், ஓவரி, மென்ஸ்ட்ருவல் சைக்கிள் என்று தொண்டை கிழியப் படித்தேன். தொடர்ந்து நாலைந்து நாள் ஸ்கேல் சத்தமே எழவில்லை. அப்பாவுக்கு அவ்வளவு திருப்தி.

எங்கள் சந்தில் ஒரு வீட்டுச் சத்தம் ஒரு வீட்டோடு நிற்காது. எதிர்வீட்டு அக்கா ஐரோலியில் கால் சென்டர் வேலைக்குப் போகிறவள். அவள் சிரித்துக்கொண்டே அத்தையிடம் அர்த்தத்தைச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் அத்தை டீ வருவதற்குள் ஆரம்பித்தாள். "எலே தம்பி, ஒம் மவ என்ன கருமத்தக் கத்திக் கத்திப் படிக்கான்னு தெரியுமா?"

அப்பா என்னைக் கீழே கூப்பிட்டார். என்ன பாடம் என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இத மட்டும் மனசுக்குள்ள படி."

"சத்தம் கேட்டாத்தான் படிப்புன்னு நீங்கதானப்பா சொன்னிய."

அவர் துணியை மறுபடி மடித்தார். அத்தைதான் பதில் சொன்னாள். எதைப் படித்து என்ன, இவளும் ஆத்தாளைப் போல நாலு பொட்டையைப் பெறப்போகிறவள்தானே, நாளைக்கே மிஷினில் உட்கார வை என்றாள். அம்மா குனிந்தபடி பல்லால் நூலைக் கடித்தாள். அத்தையை விட, பேசாமல் இருந்த அம்மா மேல்தான் எனக்கு அப்போது அதிகக் கோபம்.

ஏணியில் திரும்ப ஏறினேன், கீழே மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. உட்காரக்கூட இல்லை. அதே பாடத்தில் குரோமோசோம் வருகிற பக்கத்தை எடுத்து, இந்த முறை இங்கிலீஷில் படிக்கவில்லை. என் தமிழ் வீட்டில் பேசுகிற தமிழ்தான், அதிலேயே எடுத்துவிட்டேன்.

"பொறக்கது ஆணா பொண்ணாங்கது தாய் கையில இல்ல. தாய்ட்ட இருக்கது எல்லாம் எக்ஸுதான். எக்ஸும் ஒய்யும் தகப்பன்ட்டதான் இருக்கு. அவர்ட்ட இருந்து எக்ஸ் வந்தா பொம்பளப்புள்ள, ஒய் வந்தா ஆம்பளப்புள்ள. அதனால நாலும் பொண்ணாப் பொறந்தா, தாய ஒரு வார்த்த சொல்ல யாருக்கும் ரைட் கெடயாது."

கடைசி வரி புத்தகத்தில் அப்படி இல்லை. நானாகச் சேர்த்ததுதான். அதற்காக இன்றுவரை ஒரு துளி வருத்தம் கிடையாது.

கீழே மிஷின் நின்றது. சந்திலும் யாரோ பேச்சை நிறுத்தியதுபோல் இருந்தது. சொன்னதெல்லாம் சொல்லியாயிற்று. அப்பா ஏணியில் ஏறி வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கப்போவதில்லை.

யாரும் ஏறி வரவில்லை. என் காலுக்குக் கீழே பலகையில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

ஏணி வாயில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா மிஷினில் உட்கார்ந்தபடியே இருந்தார், கை இரண்டும் துணி மேல் இருந்தன. ஸ்கேல் அம்மாவின் கையில் இருந்தது. ஸ்டூலில் ஏறி நின்றிருந்தாள், மடியிலிருந்த பொத்தான்கள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"ஏட்டி, ஏன் நிறுத்திட்ட? இன்னொருக்கா படி. சத்தமா."

படித்தேன். அத்தை அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். அப்பா வெகுநேரம் கழித்துத்தான் மிஷினை மிதித்தார். அதற்குப் பிறகு பத்தோடு நிறுத்துகிற பேச்சு எங்கள் கடையில் எழவில்லை. துணி போர்த்திய மிஷினையும் அப்பா விற்றுவிட்டார்.

எக்ஸும் ஒய்யும் போர்டு பரீட்சையில் வரவே இல்லை. ஆனாலும் தேறினேன், மாட்டுங்காவில் சயின்ஸில் இடம் கிடைத்தது. இந்த வருஷம் இரண்டாமவள் பத்தாவது. ஸ்கேல் இப்போது நிரந்தரமாக அம்மாவிடம்தான் இருக்கிறது. அத்தை டீக்கு வருகிற நாட்களில் மட்டும் அம்மா மேலே பார்த்துத் தட்டி, மூன்றாம் பாடத்தைத் தமிழில் படிக்கச் சொல்கிறாள். நான் சேர்த்த அந்தக் கடைசி வரியோடு.