ஊற்றுக்கு மேலே வெட்டிய குழி

இன்பமேரிக்கு அப்போது பத்தொன்பது வயது. நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த லாசரின் மூத்த மகள். சேலத்தில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்கக் கூசுவாள். 1983 டிசம்பரில் கல்லூரியின் என்.எஸ்.எஸ். முகாம் மாரமங்கலத்துக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் என்று அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். பெரிய சேவை நோக்கமெல்லாம் இல்லை. முகாம் முடிந்ததும் அப்படியே கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற எண்ணம்தான்.

நாற்பது மாணவர்கள், பத்து நாள், பள்ளிக்கூடத்திலேயே தங்கல். பகலில் பள்ளியிலிருந்து ஊருக்கு மண்பாதை போட வேண்டும். மாலையில் வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் பற்றிப் பேச வேண்டும். முதல் நாள் காலையில் பொறுப்பாசிரியர் வேலுசாமி இடம் காட்ட, பள்ளிக்குப் பின்னால் சரிவில் மாணவர்கள் நீளமாக ஒரு குழி வெட்டினார்கள். சாக்குகளை மறைப்பாகக் கட்டினார்கள். முகாமுக்கான கழிப்பிடம் தயாரானது.

அந்த வழியாக விறகோடு வந்த குப்பாயி என்ற பெண் நின்று பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் இன்பமேரிதான்.

"ஏனுங் கண்ணு, இங்கியா வெட்டறீங்க? மழை பேஞ்சா அத்தனையும் நாங்க குடிக்கற ஊத்துப் பக்கமில்ல எறங்கும்? உங்க சார்கிட்டச் சொல்லு சாமி."

"சொல்றேனுங்க" என்றாள் இன்பமேரி. வேலுசாமி கோபக்காரர். அப்போது யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டவள், பிறகு சொல்லவேயில்லை.

ஐந்தாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. எட்டாம் நாள் விடியும்போது மழை ஓய்ந்திருந்தது. ஆனால் ஊரில் நான்கு வீடுகளில் வாந்தியும் பேதியும் கண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் பதினொரு பேர் படுத்துவிட்டார்கள். முகாமில் மட்டும் யாருக்கும் ஒன்றுமில்லை. மாணவர்கள் குடித்தது அண்டாவில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர்.

ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல இரண்டு மாணவர்களும் ஊர்க்காரர் ஒருவரும் நடந்தே புறப்பட்டார்கள். போய்ச் சேரவே அரை நாள் ஆகும். அதுவரை என்ன செய்வது? முகாமுக்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தார். ஒரு லிட்டர் தண்ணீர், எட்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. இன்பமேரிக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அதை நம்பித்தான் நோய் கண்ட வீடுகளில் ஒன்றான சின்னன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

சின்னனின் மனைவி மாதம்மாள் பாயில் சுருண்டு கிடந்தாள். கண் குழிவிழுந்து, உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் சின்னனின் அண்ணன் அங்கப்பன், அதே நிலையில். இன்பமேரி அந்த வீட்டுக் குடத்திலிருந்த தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கி இருவருக்கும் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். குடம் காலியானதும் தண்ணீர் எடுக்க அவளே ஊற்றுக்குப் போனாள்.

தண்ணீர் கலங்கி மஞ்சளாக இருந்தது. அதிலிருந்து வந்த வாடை அவளுக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆனது. நிமிர்ந்து பார்த்தாள். மேலே குழியின் கரை உடைந்திருந்தது. சாக்கு மறைப்பு பாதிச் சரிவில் சேற்றோடு கிடந்தது. அங்கிருந்து ஊற்றுவரை ஒரு ஓடையே உருவாகியிருந்தது.

தன் கையால் கொடுத்ததும் இந்தத் தண்ணீர்தான்.

பள்ளிக்கு ஓடி வேலுசாமியைத் தனியாக அழைத்துச் சொன்னாள். குப்பாயி எச்சரித்ததையும் மறைக்கவில்லை. அவர் முகம் வெளுத்தது.

"வாய மூடிக்கிட்டிரும்மா. இப்போ சொன்னா நம்மள உயிரோட விடுவாங்களா? நாப்பது பிள்ளைங்க என் பொறுப்புல இருக்காங்க. ஆஸ்பத்திரி ஆளுங்க வரட்டும்."

"அதுவரைக்கும் குடிச்சிட்டே இருப்பாங்களே சார்."

"தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லு. காரணம் சொல்லாதே."

"மழையில விறகு பூரா நனைஞ்சு கெடக்குதுங்க சார். காரணம் சொல்லலைன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

இன்பமேரி திரும்பி ஊற்றுக்கு ஓடினாள். ஆறேழு பெண்கள் குடங்களோடு நின்றார்கள். குப்பாயியின் குடம் பாதி நிரம்பியிருந்தது. இன்பமேரி அதைப் பிடுங்கிக் கீழே கவிழ்த்தாள்.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!"

கூச்சல் கேட்டு ஆண்கள் வந்தார்கள். சின்னனின் கையில் கொடுவாள் இருந்தது. விறகு வெட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே வந்திருந்தான். இன்பமேரி சரிவின் பக்கம் திரும்பினாள். மேலே கையைக் காட்டினாள்.

"எங்க கக்கூஸ் குழிங்க. ஒடைஞ்சு இதுல கலந்திருக்குதுங்க. இந்த அக்கா அன்னிக்கே எங்கிட்டச் சொன்னாங்க. நான் சார்கிட்டச் சொல்லாம விட்டுட்டேன்."

சின்னன் சரிவையே பார்த்தான். பிறகு அவளிடம் வந்தான். அவன் மூச்சு அவள் முகத்தில் பட்டது.

"என்ர ஊட்ல ரெண்டு உசுரு கெடக்குது. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அவங்களுக்கு இந்தத் தண்ணியவா குடுத்தே?"

"ஆமாங்க."

கொடுவாள் பிடித்த கை ஒரு முறை உயர்ந்தது. குப்பாயி குறுக்கே வந்து நின்றாள். "அவள வெட்டுனா தண்ணி வருமா? அக்கரைப் பள்ளத்துல சுத்தமான தண்ணி ஓடுது. பேசறதுக்கு இது நேரமில்ல. நடங்க எல்லாரும்."

அக்கரைப் பள்ளம் ஒரு மைலுக்கு மேல், இறக்கமும் ஏற்றமுமாக. முகாம் முழுவதும் குடம், வாளி, அண்டா என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வேலுசாமியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடம் சுமந்தார். பள்ளியிலிருந்த உடைந்த பெஞ்சுகளை விறகாக்கித் தண்ணீர் காய்ச்சினார்கள். வீட்டுக்கு இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து கரண்டியால் புகட்டினார்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடியும் முதலிலிருந்து.

இன்பமேரி மாதம்மாளையும் அங்கப்பனையும் விட்டு நகரவில்லை. சின்னன் வாசற்படியில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை கலக்கியதும் முதல் மடக்கை அவள் குடித்துக் காட்ட வேண்டும். அது அவன் போட்ட நிபந்தனை. மத்தியானத்துக்கு மேல் அங்கப்பனால் விழுங்க முடியவில்லை. கடைவாயில் வழிந்த தண்ணீரைத் துடைத்துத் துடைத்து மறுபடி ஊற்றினாள். நாலு மணி வாக்கில் கையைப் பிடித்துப் பார்த்தாள். நாடி இல்லை. சின்னனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கரண்டியைக் கீழே வைத்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் முகத்தைத் துண்டால் மூடினான். பிறகு மாதம்மாளைக் காட்டி, "இவளுக்கு ஊத்து. நிறுத்தாதே" என்றான்.

சிறிது நேரத்தில் மாதம்மாள் எழுந்து வெளியே போக வேண்டும் என்றாள். காலையிலிருந்து அவளுக்குச் சிறுநீரே பிரிந்திருக்கவில்லை. குப்பாயி தாங்கி அழைத்துப் போய் வந்து, "பொழைச்சுக்குவா" என்றாள். வெளிச்சம் மங்குமுன் மருந்தும் சலைன் பாட்டிலுமாக ஆஸ்பத்திரி ஆட்கள் மண்சரிவுவரை வண்டியிலும் பிறகு நடந்தும் வந்து சேர்ந்தார்கள். மற்ற பத்துப் பேரும் பிழைத்தார்கள்.

முகாமைக் கலைத்து மறுநாளே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு இன்பமேரி மாதா கோயிலுக்குப் போகவில்லை. லாசர் காரணம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். ஜனவரியில் முதல் சனிக்கிழமை அவளே தனியாக அந்த ஊருக்குப் பஸ் ஏறினாள். தன்னை விரட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். யாரும் விரட்டவில்லை, பேசவுமில்லை. குழியை மூடி மண் போட்டுக்கொண்டிருந்த பெண்களோடு சேர்ந்துகொண்டாள். படிப்பு முடியும்வரை முடிந்த சனிக்கிழமைகளில் எல்லாம் போனாள். ஊற்றைச் சுற்றிக் கல் கட்டி, மேலே மூடி போட்டுக் குழாய் வைக்க வட்டார அலுவலகத்துக்கு மனு எழுதி எழுதி அலைந்தாள். கூசாமல் எழுந்து நின்று பேசப் பழகியது அந்த அலுவலகத்தில்தான்.

எண்பத்தைந்தில் குழாய் வந்தது. அன்றுதான் சின்னன் அவளிடம் மறுபடி பேசினான்.

"என்ர அண்ணன நான் மறக்கலீங்க. உங்க மேல கோவமும் போகல."

"போக வேண்டாமுங்க" என்றாள் இன்பமேரி.

அவன் தலையாட்டிவிட்டு, உள்ளே சோறு தயாராக இருப்பதாகவும் மாதம்மாள் கூப்பிடுவதாகவும் சொன்னான். அவள் போய்ச் சாப்பிட்டாள். அடுத்த வருடம் கிராமச் சுகாதார நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு இதற்கா என்று லாசர் வருத்தப்பட்டார். அவள் கேட்கவில்லை.