போகாத மனிதருக்கு ஒரு பொன்னாடை

சுவிஸில் எங்கள் சிறுநகரத்துக் கூடைப்பந்து அணி விளையாடும் மண்டபத்தில் நானும் மனைவியும் சிற்றுண்டிக் கடை போடுகிறோம். சம்பளத்துக்கு ஆடும் பெரிய வீரர்கள்தான், ஆனாலும் எங்கள் மரக்கறி ரோல்ஸ் என்றால் குழந்தைகளைப் போல வரிசையில் நிற்பார்கள். அணித்தலைவர் வெளிநாட்டுக்காரர். இளவயதில் வந்தவர், முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகும் வேறு அணிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன வசந்தத்தில் அணி தோற்றுத் தோற்று, இரண்டாம் பிரிவுக்கு இறங்குவது உறுதியாகிவிட்டது. மற்ற வீரர்கள் ஒவ்வொருவராக வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். குளம் வற்றினால் கொக்கு நிற்குமா? தலைவரையும் எல்லைக்கு அப்பால் ஒரு பெரிய அணி கேட்கிறது என்று மண்டபம் முழுக்கக் கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரும் போனால் அணியையே கலைத்துவிடுவார்கள்.

"ஏன் சும்மா கொதிக்கிறியள்? ஆருக்குத்தான் முன்னுக்கு வர விருப்பமில்லை?" என்றாள் மனைவி. "ஆனா அந்தாளை வெறுங்கையோட அனுப்பேலாது."

ஒருவரை வழியனுப்ப எங்கள் சனத்துக்குத் தெரிந்தது பொன்னாடைதான். பள்ளிக்கூட அதிபர் ஓய்வு பெற்றாலும் பொன்னாடை, கோயில் ஐயர் கனடா போனாலும் பொன்னாடை. சூரிச் புடவைக் கடையில் சரிகைக் கரை வைத்த சிவப்பு ஒன்று வாங்கினோம்.

கடைசி ஆட்டத்திலும் தோல்வி. முடிந்ததும் மனைவி கதிரையில் ஏறி நின்று, வியர்வை வழிய நின்ற அந்த நெடிய மனிதருக்குப் பொன்னாடையைப் போர்த்தினாள். என் அரைகுறை ஜெர்மனில், "போகுமிடமெல்லாம் வெல்லுங்கள்" என்று வாழ்த்தினேன்.

அவர் திருதிருவென விழித்தார். "நான் எங்கே போகிறேன்?"

"பெரிய அணிக்கு..."

"கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கீழே விழுந்தவர்களில் நானும் ஒருவன். அணியை மேலே ஏற்றாமல் எப்படிப் போவது?"

சாதாரணமாகத்தான் சொன்னார், மழை பெய்கிறது என்பது போல. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

பிறகுதான் எங்கள் கூத்து உறைத்தது. மனைவியின் காதில், "பிரியாவிடைப் பொன்னாடையெல்லோ? திருப்பிக் கேப்பமோ?" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"உங்களுக்கென்ன விசரோ? உது நிக்கிற மனுசருக்குப் போடுற சாமான். இவ்வளவு காலமும் போறவைக்குப் போட்டதுதான் எங்கட பிழை."